சூசைதாசன் கேட்ட திருத்தம்

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. சூசைதாசன் கைகளைக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு முன்னால் சிரிக்காமல் நின்றார். பத்திரிகையிலிருந்து வந்த பெண் சிரிக்கச் சொல்லியிருந்தாள். றக்பிக்காரன் சிரித்தால் எதிரணிக்குப் பயம் விட்டுப்போகும் என்று அவர் சொல்ல, சிரித்தது அவள்தான். படத்துக்கு மேலே, மேற்குச் சிட்னியின் மிகப் பழைய றக்பிக் கழகம் ஒன்றுக்கு முதல் கறுப்புத் தலைமைப் பயிற்சியாளர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் பரிமாறும்போது அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருந்தது. இரஞ்சிதம் அன்ரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"தம்பி சூசை, படம் வடிவாய்த்தான் கிடக்கு. ஆனா இதென்ன, உம்மைக் காப்பிலி எண்டெல்லோ போட்டிருக்கிறாங்கள்?"

ஆபிரிக்கர்களுக்கு ஊரில் வழங்கிய அந்தச் சொல்லை அவர் வசையாக நினைத்துச் சொல்லவில்லை. அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கிற ஸ்ரான்லி வாயில் ரோல்ஸோடு திரும்பினான். "அதுக்கு அண்ணை என்ன செய்வார் அன்ரி? கிரவுண்டில நிண்டு நிண்டு வெயில் குடிச்ச நிறம். ரெண்டு மாசம் ஒஃபீஸில இருத்திவிடுங்கோ, வெளுத்துப்போவார்."

எல்லோரும் சிரித்தார்கள். சூசைதாசனும் சிரித்தார். இந்த மாதிரிப் பகிடிகளுக்கு எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே அவருடைய முகத்துக்குத் தெரியும். அவரைக் கேட்காமலே அது செய்துவிடும்.

அவருடைய மனைவி மாக்கிறேட் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"மெல்பேர்ன்காரரும் பாத்திருப்பினம்," என்றாள் காரில் ஏறியதும்.

மெல்பேர்ன்காரர் என்றால் டினேஷ் வீட்டார். மகள் றொஷானியும் டினேஷும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்து, பல மாதங்களாகத் தொலைபேசியில் கதைத்து, ஒருவருக்கொருவர் சரி என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். இப்போது பெரியவர்கள் பேச வேண்டிய கட்டம். பிள்ளைகள் முடித்ததைப் பெரியவர்கள் தாங்கள்தான் தொடங்குவதுபோலப் பேசவேண்டும். எந்த ஊர், எந்தக் கோயில் பங்கு, தாய்வழி ஆர், தகப்பன்வழி ஆர் என்று.

மாக்கிறேட் பயந்தது பின்னேரமே நடந்தது. டினேஷின் தாய் சுஜீவா போனில் கூப்பிட்டாள். மாக்கிறேட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். சூசைதாசன் சிங்கில் சட்டி கழுவிக்கொண்டு நின்றார். சுகம் விசாரிப்பு, மெல்பேர்ன் குளிர், டினேஷின் வேலை எல்லாம் முடிந்த பிறகு சுஜீவாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் கேக்கேல்லை, இவரின்ர தமக்கை கேக்கச் சொன்னவ. பேப்பரில அண்ணையைப் பிளாக் எண்டு போட்டிருக்கெண்டு ஆரோ அனுப்பினவை. மன்னார், புத்தளம் பக்கம் முந்தி காப்பிலிச் சனமும் இருந்ததெண்டு சொல்லுவினம். உங்கட இவற்ற பக்கத்தில ஆரும் அப்பிடி, கலந்து கிலந்து..."

"ஐயோ, என்ன கதை இது சுஜீவா! அவற்ற பரம்பரையே எங்களுக்குத் தெரியும். அப்பிடி ஒரு கலப்பும் இல்லை. வெள்ளைக்காரர் விளங்காமல் எழுதினது. இவர் பொது நிறம், கறுப்பெண்டு சொல்லேலாது."

சூசைதாசன் வெள்ளைச் சிங்குக்குள் இருந்த தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை சவர்க்கார நுரை. நுரை இல்லாத இடத்தைப் பொது நிறம் என்று சொல்ல மாக்கிறேட்டைப்போல ஒரு மனைவியால்தான் முடியும். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அது போய்விட்டது. அவள் கண் கலங்கியிருந்தாள்.

"போன் பண்ணி மாத்தச் சொல்லுங்கோ."

"என்னத்தை மாத்துறது?"

"நாங்கள் தமிழர் எண்டு போடச் சொல்லுங்கோ. அதில என்ன பொய்? உண்மையைத்தானே போடச் சொல்லுறன்."

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு வழியைச் சுலபமாக்கியது.

*

சூசைதாசன் றக்பிக்கு வந்தது போரால். மன்னாரில் இனி இருக்க இயலாது என்றானபோது பங்குச் சுவாமியார் அவரைக் கொழும்பில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டார். விடுதியில் ஒரு தமிழ்ப் பையன் மற்றவர்களிடம் அடிவாங்காமல் இருக்க இரண்டு வழிகள் இருந்தன. கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கலாம், அல்லது றக்பி விளையாடலாம். அவருக்குக் கணக்கு வராது. ஆளை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்ப்பது ஒரே நாளில் வந்தது. அணியில் அவரைக் 'கலு' என்று கூப்பிட்டார்கள். சிங்களத்தில் கறுப்பு. மைதானத்தின் ஓரத்தில் நின்று நூறு பேர் "கலு! கலு!" என்று கத்தும்போது அவர் அதைத் தன் பெயராகத்தான் கேட்டார். வெளியே தெருவில் அடையாள அட்டை கேட்பவர்கள் கூப்பிட்ட பெயர்களை நினைத்தால் அது அன்பான பெயர்.

சிட்னியில் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. கிரவீனில் வீடு. வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், றக்பிக் கழகம். முதல் நாள் போனபோது வாசலில் நின்ற கிழவர் மிக மரியாதையாகக் கையை நீட்டி, "கிரிக்கெட் அந்தப் பக்கம், நண்பரே," என்றார். அடுத்த வருடமும் வாசலில் வேறொருவர் அதையே சொன்னார். சூசைதாசன் மைதானத்தில் கோடு போட்டார், ஜேர்சி தோய்த்தார், பயிற்றுநர் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினார். ஸ்க்ரத்தில், எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தோளால் முட்டித் தள்ளுகிற அந்த இடத்தில், கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். முன்வரிசைப் பையன்கள் சந்தேகம் வந்தால் தலைமைப் பயிற்சியாளரிடம் போகாமல் இவரிடம் வந்தார்கள். ஆனாலும் வெளி மைதானங்களில் எதிரணியின் பயிற்சியாளர் வெறும் தண்ணீர்ப் போத்தல்களை இவரிடம் நீட்டி நிரப்பித் தரச் சொல்வார். அவர் நிரப்பிக் கொடுத்துவிட்டு, "நான் உதவிப் பயிற்சியாளர்," என்பார். நிரப்புவதற்கு முன்னால் சொன்னால் அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தார்.

போன குளிர்காலத்தில் அவர் அப்படி நினைக்காத ஒரு நாள் வந்தது.

டெங் அப்போது அணிக்குப் புதிய கப்டன். தென் சூடானில் பிறந்து, அகதி முகாமில் நடக்கப் பழகி, மெரிலேண்ட்ஸில் வளர்ந்தவன். அன்றைய வெளி மைதானத்தில் பந்து அவன் கைக்குப் போகும்போதெல்லாம் கயிற்றுக்குப் பின்னாலிருந்து குரங்குச் சத்தம் வந்தது. முதலில் ஒரு தொண்டை, பிறகு ஒரு கூட்டம். நடுவர் தனக்குக் கேட்கவில்லை என்றார். சூசைதாசன் கோட்டோரம் போய் நின்றார். "இதோ, தகப்பன் வந்துவிட்டான்," என்று ஒருவன் கத்தினான். சத்தம் இரண்டு மடங்காகியது.

அவர் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் நடந்தார். கீழே கிடந்த பந்தை எடுத்து மைதானத்தின் நடுவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். றக்பிப் பந்தின்மேல் உட்கார்வது சுலபமில்லை. அது வழுக்கும். அவர் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, டிப்போவில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருபவரைப்போல உட்கார்ந்திருந்தார். நடுவர் எழும்பச் சொன்னார். அவர் எழும்பவில்லை. டெங் வந்து பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக முழு அணியும்.

றக்பிச் சங்கத்தார் விசாரணை ஒன்று வைத்தார்கள். கம்பளம் விரித்த அறை, நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். அவர் கேட்ட சத்தம் அதுதான் என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார் என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் எத்தனையோ சத்தம் வருமே.

"நான் ஒரு கறுப்பு மனிதன் ஐயா," என்றார் சூசைதாசன். "எனக்கு அந்தச் சத்தம் தெரியும்."

டெங் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். வெளியே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் அவர் தோளில் கையைப் போட்டான். எதிரணிக் கழகத்துக்கு அபராதம், இவருக்கு மைதானத்துக்குள் புகுந்ததற்காக இடைநிறுத்தம். தலைமைப் பயிற்சியாளர் அந்த வருடத்தோடு விலகியபோது, சூசைதாசன் வேண்டும் என்று அணி கேட்டது. முதலில் கேட்டவன் டெங். அதற்குள் அவன் டிப்போ மெக்கானிக்குகளின் பிள்ளைகள் எல்லோரும் கூப்பிடுவதைப்போல அவரை 'அங்கிள்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான்.

*

திங்கட்கிழமை டிப்போவின் பின்பக்கம், ரயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று அவர் பத்திரிகைப் பெண்ணுக்குப் போன் எடுத்தார். அவள் பெயர் ஹெதர். குரலில் சந்தோசம் தெரிந்தது. கட்டுரையைப் பலர் வாசித்திருக்கிறார்கள் என்றாள். அவர் விசயத்தைச் சொன்னார்.

"அது நான் போட்ட சொல் இல்லையே, கோச். விசாரணையில் நீங்களே சொன்னது. அந்த வசனத்தைக் கட்டுரையிலும் போட்டிருக்கிறேன்."

"அது அந்த இடத்தில் சொன்னது."

"நிச்சயமாகத் திருத்தம் வேண்டுமா?"

"நான் தமிழன். அதைப் போட்டால் போதும்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் அமைதியாக இருந்தாள். அந்த அமைதியில் தன்னை யாரோ எடைபோடுவதுபோல அவருக்கு இருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கினார். தமிழ் மிகப் பழைய மொழி என்றார். கோயில்கள், படிப்பு, குடும்ப ஒழுக்கம் என்றார். கடைசியாக, "நாங்கள் வேறு மாதிரியான ஆட்கள். அவர்களைப்போல இல்லை," என்றார்.

"அவர்கள்?" என்றாள் ஹெதர்.

"உங்களுக்கு விளங்கும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கையில் கிறீஸ் பட்டிருந்தது. துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கட்டுரையின் அடியில் அன்றே திருத்தம் வந்தது. சிறிய எழுத்து, சாய்ந்த எழுத்து. இக்கட்டுரையின் முந்தைய வடிவம் திரு. சூசைதாசனைக் கறுப்பர் என்று குறிப்பிட்டிருந்தது; தாம் கறுப்பர் அல்லர், தமிழர் என்பதைத் தெளிவுபடுத்தும்படி அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்; தம்முடைய மக்கள் 'வேறு மாதிரியானவர்கள், அவர்களைப்போல இல்லை' என்று அவர் கூறினார். தலைப்பிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அதன்படி, பழைய கழகம் ஒன்றுக்குப் புதிய பயிற்சியாளர். அவ்வளவுதான். எதிலும் அவர் முதலாவது ஆள் இல்லை.

மாக்கிறேட் அதைப் படம்பிடித்து மெல்பேர்னுக்கு அனுப்பினாள். சுஜீவா ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

றொஷானி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாள். கையில் போன்.

"அப்பா, இது நீங்க சொன்னதா? ரியலி? அவையளைப்போல இல்லை எண்டு?"

"அந்தப் பிள்ளை கதையை நீட்டிப்போட்டுது. நான் வேற விதமாய்த்தான்..."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னனான்."

"உன்ர அப்பாவில பாயாதை," என்றாள் மாக்கிறேட் அடுப்பருகிலிருந்து. "எல்லாம் உனக்காகத்தான்."

"ப்ளீஸ், அதை மட்டும் சொல்லாதேங்கோ அம்மா. என்ர பேரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. உன்ர டட் ஏன் இப்பிடிச் சொன்னவர் எண்டு டினேஷ் என்னைக் கேக்கிறார். நான் என்ன சொல்ல?"

அவள் மேலே போய்விட்டாள். மாக்கிறேட் குழம்பைக் கிண்டினாள். தேவையில்லாத அளவுக்குக் கிண்டினாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள். ஓடச் சொன்னபோது ஓடினார்கள். ஸ்க்ரத்துக்கு இறங்கச் சொன்னபோது இறங்கினார்கள். வழக்கமாக அவர் தோள்களைத் தட்டிப் பிடியைச் சரிசெய்வார். அன்று கையை நீட்டும்போதே அந்த முதுகுகள் இறுகுவதைக் கண்டார். இறுகினவை எல்லாம் கறுப்பு முதுகுகளும் இல்லை. தொங்காக்காரப் பையன், சமோவாக்காரர்கள், நியூசிலாந்திலிருந்து வந்த சிவப்புத் தலைமுடிக்காரன், எல்லோரும்தான்.

பயிற்சி முடிந்தால் டெங் அடையாளக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிவிட்டு அவருடைய காரில் ஏறுவான். மெரிலேண்ட்ஸ் வரை அவர்தான் கொண்டுபோய் விடுவார். வழியில் அவன் அன்றைய பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவான், தன்னுடையதையும் அவருடையதையும். அன்றும் கூம்புகளைப் பொறுக்கினான். அடுக்கிக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான்.

"நான் ரெயினில் போகிறேன், மிஸ்ரர் சூசைதாசன்."

கழகத்தில் எல்லோரும் அவரை 'சூசி' என்பார்கள். சூசைதாசன் என்று முழுதாகச் சொல்ல எவருக்கும் வாய் வராது. டெங் அதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னான். எங்கோ இருந்து பழகியிருக்கிறான். எப்போதோ அவரைச் சந்தோசப்படுத்த நினைத்துப் பழகியதாக இருக்கவேண்டும்.

*

சனிக்கிழமை ஆட்டம் அதே வெளி மைதானத்தில். போன வருட அபராதத்துக்குப் பிறகு அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒருவரைக் கயிற்றோரம் நடக்க விட்டிருந்தார்கள். முதற்பாதியில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் பாதியில் டெங் பந்தோடு கயிற்றுக்குப் பக்கத்தில் சாய்க்கப்பட்டு எழும்பும்போது அது வந்தது. மெல்லிய சத்தம், வாயை மூடிக்கொண்டு எழுப்பியது.

சூசைதாசனுக்குக் கேட்டது. கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின. கயிற்றுக்குப் பின்னால், மடிப்புக் கதிரையில், கையில் பாதி கடித்த இறைச்சிப் பேஸ்ரியோடு ஒரு வயதானவர் இருந்தார். சத்தம் போட்டவர் அவரில்லை, அவருக்குப் பின்னால் நின்ற இளைஞன். வயதானவர் சூசைதாசனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கெட்ட எண்ணம் இல்லை. சமாதானம் பண்ணுகிறவரின் முகம்.

"நீங்கள் கோபப்படாதீர்கள், நண்பரே. உங்களை ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் அவர்களில் ஒருவர் இல்லை என்று பேப்பரில் பார்த்தோமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிநேகமான சிரிப்பு. ஒருவர் தள்ளி நின்று இவருக்கு இடம்கூட விட்டார். அந்த மைதானத்தில் முதன்முதலாக அவருக்கு ஒரு இடம் கிடைத்தது.

சூசைதாசன் அந்த இடத்தில் நிற்கவில்லை. திரும்பிக் கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்தார். போன வருடம்போல நடந்து போய்விடலாம், பந்து அதோ கிடக்கிறது என்று நினைத்தார். டெங் எதிரே வந்துகொண்டிருந்தான். அந்த வயதானவர் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான், ஓடிவரும் பிள்ளையைத் தெருவோரத்தில் நிறுத்துவதுபோல.

"வேண்டாம்," என்றான். "இது உங்களுடையது இல்லை."

அவர் காலை வெளியே எடுத்தார்.

டெங் நடுவரிடம் போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கப்டன் பேசவேண்டிய முறைப்படி பேசினான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். டெங் கயிற்றுக்கு வந்து அந்த இளைஞனை விரலால் காட்டினான். மஞ்சள் அங்கிக்காரர் இளைஞனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் தொடர்ந்தது. எல்லாம் ஒழுங்காக, அவர் இல்லாமலே நடந்தது. கடைசியில் அணி வென்றது. பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சூசைதாசன் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கினார்.

வாகனத் தரிப்பிடத்தில் டெங் ஒரு காரின் பின்பக்கத்தில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த பிளாஸ்ரரை உரித்துக்கொண்டிருந்தான். சூசைதாசன் அவன் முன்னால் போய் நின்றார். வரும்போது ஆங்கிலத்தில் நீள நீளமாக வசனங்கள் யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் செய்தது பிழை," என்றார்.

டெங் நிமிரவில்லை.

"அந்தப் பத்திரிகைக்கு மறுபடி சொல்கிறேன். அதை எடுக்கச் சொல்கிறேன்."

"நான் அந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை." பிளாஸ்ரர் ரோமத்தோடு வந்தது. அவன் முகத்தைச் சுளித்தான். "என் அம்மாவும் வாசிப்பதில்லை. என் ஆட்கள் ஒருவரும் வாசிப்பதில்லை. எங்களுக்கு வேறு யாரோ அனுப்பினார்கள். நீங்கள் அதை எங்களுக்குச் சொல்லவில்லை, மிஸ்ரர் சூசைதாசன். வேறு யாருக்கோ சொன்னீர்கள்."

"ஆம்."

"அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். நான் கேட்டு என்ன செய்ய?"

"டெங், நீ வருகிற கிழமை..."

"வருவேன். நான் கப்டன்." பையை எடுத்துத் தோளில் போட்டான். "கால் எங்கே வைக்க வேண்டும் என்று உங்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. அதற்கு வருவேன். காரில் ஏற மாட்டேன்."

*

ஞாயிறு பூசையில் அவர் எதையும் கேட்கவில்லை. மண்டபத்தில் இரஞ்சிதம் அன்ரி இருந்த கதிரைக்கு முன்னால் போய் நின்றார். அன்று ரோல்ஸுக்குப் பதில் கடலை வடை.

"அன்ரி, போன கிழமை கேட்டனியள், என்னைக் கறுப்பன் எண்டு போட்டிருக்கு எண்டு."

"அதுதான் திருத்திப்போட்டாங்களே தம்பி. மாக்கிறேட் காட்டினவ. நல்ல வேலை செய்தீர்."

"அந்தத் திருத்தம் பிழை. முதல் போட்டதுதான் சரி. நான் கறுப்பன்தான்."

ஸ்ரான்லி பக்கத்தில்தான் நின்றான். "இதைச் சொல்லப் பேப்பர் என்னத்துக்கு அண்ணை? லைற் போனா உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க நாங்கள் படுற பாடு எங்களுக்கெல்லோ தெரியும்!"

மண்டபம் சிரித்தது. சூசைதாசனின் முகமும் தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கியது. கன்னம் இழுபடுவதை அவர் உணர்ந்தார். கையால் வாயைப் பொத்தினார். தும்மல் வரப்போகிறதாக்கும் என்று பக்கத்தில் நின்ற பெண் கடதாசித் துவாய் ஒன்றை நீட்டினாள்.

"பகிடி இல்லை ஸ்ரான்லி," என்றார். குரல் நினைத்ததைவிட உரத்து வந்தது. "கொஞ்சம் கேளுங்கோ. போன வருசம் ஒரு கிரவுண்டில எங்கட கப்டன் பெடியனைப் பாத்துக் குரங்கு மாதிரிக் கத்தினவங்கள். என்னையும் சேத்துத்தான். அவங்களுக்கு என்னில ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. விசாரணையில என்னைக் கேட்டவங்கள். நான் கறுப்பன், எனக்குத் தெரியும் எண்டு சொன்னனான். அந்தப் பெடியன் எனக்குப் பக்கத்தில இருந்தவன். அதை நம்பித்தான் அவன் என்னைக் கோச்சாக்கினவன்."

"அதுக்கு இப்ப என்ன?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இப்ப, நீங்கள் சிரிச்சதுக்காக நான் பேப்பருக்குப் போன் பண்ணி, நான் அந்த ஆள் இல்லை எண்டிட்டன். நாங்கள் அவையளைப்போல இல்லை எண்டும் சொன்னனான். ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. என்ர வாயால சொன்னனான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நேற்று அந்தக் குரங்குச் சத்தம் போடுறவங்கள் எனக்கு இடம் தந்தவங்கள். இஞ்சால வா, நீ எங்கட ஆள் எண்டு."

சிலர் வடையை மென்றுகொண்டிருந்தார்கள். ஸ்ரான்லி தன் கைபேசியைப் பார்த்தான். "பிரஷர் குளிசை போட்டவரோ தெரியேல்லை," என்று யாரோ மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்தது. மண்டபத்தின் மறுபக்கத்தில் மாக்கிறேட் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். கதவு தானாக மெல்ல மூடியது.

இரஞ்சிதம் அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார். "குரங்கு மாதிரியேவோ தம்பி கத்தினவங்கள்? பெரிய ஆக்களோ?"

"ஓம் அன்ரி. பிள்ளை குட்டிக்காரர்."

"சீ," என்றார் அன்ரி. அது அவர்களுக்கா, இவருக்கா என்று தெரியவில்லை. பிறகு வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் எடுக்கவில்லை. பேச்சுக்கள் அங்கங்கே மறுபடி தொடங்கின, முதலில் தாழ்ந்த குரலில், பிறகு வழக்கம்போல. அவர் சொன்னது அந்த மண்டபத்தில் எங்கே விழுந்தது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. வெளியே வந்தார்.

மாக்கிறேட் காரில் முன்னாசனத்தில் பெல்ற் போட்டுக்கொண்டு இருந்தாள். அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். காரை இயக்கவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றாள்.

"இல்லை."

அவள் முன்கண்ணாடியையே பார்த்தாள். பிள்ளைகள் சிலர் மதிலோரம் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

"சுஜீவாவுக்கும் சொல்லப் போறியளோ?"

"அவவுக்குத்தானே முதல் பயந்தது."

"பேச்சு முறிஞ்சா?"

"டினேஷ் முறிக்க மாட்டான் எண்டு றொஷானி சொல்லுறாள்."

"நான் அவையளைக் கேக்கேல்லை. முறிஞ்சா என்ன செய்வியள்?"

தெரியாது என்றார். மாக்கிறேட் கண்ணை மூடிக்கொண்டாள். கலியாணமான இத்தனை வருடத்தில் அவள் அழுது முடிப்பதற்காக அவர் பேசாமல் காத்திருந்த தடவைகள் உண்டு. இந்தத் தடவை அவள் அழவில்லை.

"சிங்கில நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "பொது நிறம் எண்டு நான் சொல்லேக்க. வாய் திறக்கேல்லை."

"ஓம்."

"நானும் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் கைப்பையைத் திறந்தாள். சுஜீவாவின் இலக்கம் அவளுடைய போனில்தான் இருந்தது. பெருவிரலை வைத்துத் திறந்து, பெயரைத் தேடி, அழுத்தி, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையில் வைத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை. அவர் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. அவள் எடுக்கக்கூடாது என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். அப்படி ஆசைப்பட்டது அவருக்குத் தெரிந்தது.

"ஹலோ, மாக்கிறேட் அக்கா! இப்பதான் உங்களை நினைச்சனான்," என்றது சந்தோசமான குரல்.

"அக்கா இல்லை," என்றார். "நான் சூசைதாசன் கதைக்கிறன்."